நாள் எண்ணிப் பயணம் போகும் அமெரிக்கர்கள்

கேள்வி இதுதான்: "என் அக்கா மகன் ஓட்டல் மேலாண்மை படித்துவிட்டு, மயாமியில் இருந்து கிளம்பும் குரூஸ் கப்பல் ஒன்றில் சாப்பாட்டு அறையில் பரிமாறும் பணிக்குச் சேரப் போகிறான். வருகிறவர்களில் பெரும்பாலோர் அமெரிக்கர்களாம். விடுமுறைக்கு வெளிநாடு போகும் அமெரிக்கர்கள் எப்படிப்பட்டவர்கள்? எதை விரும்புவார்கள், எதற்கு முகம் சுளிப்பார்கள்? எல்லா ஊரையும் அவசர அவசரமாகப் பார்த்துவிட்டு ஓடுவார்கள் என்று சொல்கிறார்களே, உண்மையா?"

நான் 19 வருடமாக நியூஜெர்சியில் பயண ஏற்பாட்டு வேலையில் இருக்கிறேன். என்னிடம் வருபவர்களில் பெரும்பாலோர் சாதாரண நடுத்தரக் குடும்பத்து அமெரிக்கர்கள். வருடத்தில் இரண்டு மூன்று தடவை குழுவோடு நானும் போவேன். அதனால் உங்கள் கேள்விக்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்கிறேன்.

அவசரம் உண்மைதான். ஆனால் அது அவர்கள் குணம் இல்லை. அவர்களிடம் நாள் இல்லை. இந்த ஒன்றைத் தம்பி புரிந்துகொண்டால் மற்ற பழக்கங்களில் பாதி தானாகப் புரிந்துவிடும்.

அமெரிக்காவில் தனியார் நிறுவனம் ஊழியருக்குச் சம்பளத்தோடு விடுமுறை கொடுத்தே ஆக வேண்டும் என்று மத்தியச் சட்டம் எதுவும் கிடையாது. குறைந்தபட்சக் கூலியையும் வாரம் 40 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்தால் கூடுதல் சம்பளத்தையும் உறுதி செய்த 1938-ஆம் வருடச் சட்டம், லீவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. எல்லாம் முதலாளி கொடுப்பதுதான். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம் ஆனவருக்குப் பெரும்பாலும் பத்து நாள் சுமார் கிடைக்கும். ஐரோப்பிய ஒன்றியத்திலோ குறைந்தது நான்கு வாரம் கொடுப்பது கட்டாயம். ஜெர்மன்காரர் ஒருவர் ஒரே கிரேக்கத் தீவில் மூன்று வாரம் படுத்துக் கிடப்பதற்கும், அமெரிக்கர் ஒன்பது நாளில் மூன்று நகரம் பார்ப்பதற்கும் காரணம் இங்கே இருக்கிறது.

போன வருடம் ஒரு தம்பதி வந்தார்கள். அந்த அம்மா பல் மருத்துவர் ஒருவரிடம் வரவேற்பு மேஜையில் வேலை பார்க்கிறார். கணவர் கட்டடங்களுக்கு ஒயரிங் போடுகிறவர். கல்யாணமாகி 25 வருடம். முதல் ஐரோப்பியப் பயணம். ஒரு நோட்டுத் தாளில் லண்டன், பாரிஸ், வெனிஸ், ஃபுளோரன்ஸ், ரோம் என்று எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே "1½", "2" என்று நாள் கணக்கும் போட்டுக் கொண்டு வந்திருந்தார்கள். நான் தாளைத் திருப்பி, பின்பக்கம் கணக்குப் போட்டுக் காட்டினேன். வெள்ளிக்கிழமை வேலை முடிந்து ராத்திரி நெவார்க் விமான நிலையத்தில் ஏறினால் ரோமில் சனிக்கிழமை காலையில் இறங்கலாம். தூங்காத கண்ணோடு பெட்டியை ஓட்டலில் போட்டுவிட்டு, அறை தயாராகும் வரை தெருவில் நடக்க வேண்டும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை திரும்பும் விமானம். திங்கள்கிழமை காலை எட்டு மணிக்கு வேலை. இப்படிப் போனால் ஐந்து நாள் லீவில் ஒன்பது நாள் பயணம் கிடைக்கிறது. அதில் போக்குவரத்துக்கும் தூக்கத்துக்கும் போனது போக, முழுசாகக் கையில் நிற்பது ஏழு நாள். ஒவ்வொரு தடவை ஊர் மாறும்போதும் அதில் அரை நாள் போய்விடும்.

அந்த அம்மா ரொம்ப நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, மறுபடி எப்போது வரப்போகிறோம், பெண்ணின் காலேஜ் கடன் முடிய இன்னும் எட்டு வருடம் இருக்கிறதே என்றார். ஐந்து ஊரையும் விடாமல் எழுதிக்கொண்டு வந்ததற்கு அதுதான் காரணம். கடைசியில் லண்டனையும் பாரிஸையும் எடுத்துவிட்டு, இத்தாலியை மட்டும் ரயிலில் போவதாக முடிவு செய்தோம். ரோமில் இருந்து ஃபுளோரன்ஸுக்கு வேக ரயிலில் ஒன்றரை மணி நேரம், அங்கிருந்து வெனிஸுக்கு இரண்டு மணி நேரம் சுமார். லண்டன் என்ற சொல்லை அடிக்கும்போது அவர் பேனா கொஞ்சம் தயங்கியதைப் பார்த்தேன்.

சரி, எங்கே போகிறார்கள் என்று பார்ப்போம். வெளியில் இருந்து பார்ப்பவர்களுக்கு அமெரிக்கப் பயணி என்றால் ஈபிள் கோபுரத்துக்கு முன்னால் கேமராவோடு நிற்பவர்தான் நினைவுக்கு வருவார். ஆனால் வெளிநாடு போகிற அமெரிக்கர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் மெக்சிகோவுக்குத்தான் போகிறார்கள். அடுத்தது கனடா. அதற்கப்புறம் பிரிட்டன், பிரான்ஸ், இத்தாலி, டொமினிகன் குடியரசு, ஜமைக்கா, பஹாமாஸ் என்று வரும். சமீபத்தில் யென் விலை சரிந்ததால் ஜப்பானுக்கும் நல்ல கூட்டம். 2024-இல் மட்டும் 27 லட்சம் அமெரிக்கர்கள் ஜப்பான் போனார்கள்.

ஒரு காலத்தில் மெக்சிகோவுக்கும் கனடாவுக்கும் கரீபியன் தீவுகளுக்கும் போக அவர்களுக்குப் பாஸ்போர்ட்டே தேவைப்படவில்லை. பிறப்புச் சான்றிதழும் டிரைவிங் லைசென்சும் போதும். 1990 வாக்கில் அமெரிக்கர்களில் 20 பேருக்கு ஒருவரிடம்தான் பாஸ்போர்ட் இருந்தது. 2007-இல் விமானப் பயணிகளுக்கும், 2009-இல் தரை, கடல் வழியாக வருகிறவர்களுக்கும் புதுவிதி வந்தபிறகுதான் ஜனங்கள் பாஸ்போர்ட் எடுக்க ஆரம்பித்தார்கள். இப்போது ஏறக்குறைய பாதிப் பேரிடம் இருக்கிறது. "அமெரிக்கர்களுக்கு உலகமே தெரியாது, பாஸ்போர்ட்கூடக் கிடையாது" என்று ஏளனமாகப் பேசுகிறவர்கள் இந்தப் பழைய கணக்கைத்தான் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். பனிமலையும் பாலைவனமும் கடற்கரையும் ஒரே நாட்டுக்குள் இருக்கும்போது, பத்து நாள் லீவு வைத்திருப்பவர் காரிலேயே கிளம்பிவிடுவதில் என்ன தப்பு?

மெக்சிகோ என்றால் முக்கியமாகக் கான்கூன். கிட்டத்தட்ட ஆளே இல்லாத ஒரு மணல் திட்டாக இருந்த இடம் அது. சுற்றுலாவுக்கென்றே மெக்சிகோ அரசு திட்டம் போட்டு 1970-களில் எழுப்பிய ஊர். நியூஜெர்சியில் இருந்து நான்கு மணி நேரப் பறப்பு. காலையில் வீட்டில் காபி குடித்துவிட்டுக் கிளம்பினால் மதியம் மணலில் கால் வைத்துவிடலாம். ரிசார்ட்டில் நுழைந்ததும் கையில் ஒரு பட்டை கட்டிவிடுவார்கள். அதோடு சாப்பாடு, குடி, நீச்சல் குளம், ராத்திரி ஆட்டம்பாட்டம் எல்லாம் சேர்த்துக் கட்டிய பணத்தில் அடங்கிவிடும். "ஆல் இன்க்ளூசிவ்" என்ற இந்த ஏற்பாட்டை அமெரிக்கக் குடும்பங்கள் அவ்வளவு விரும்புவதற்குச் சோம்பேறித்தனத்தைக் காரணமாகச் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எந்த உணவகம், எவ்வளவு ஆகும், எப்படிப் போவது என்று யோசிக்கவே ஒரு நாளில் இரண்டு மணி நேரம் போய்விடும். இருப்பது ஐந்து நாள் என்றால் அந்த இரண்டு மணி நேரத்தை யார் கொடுப்பார்கள்? மார்ச் மாதத்தில் கல்லூரிப் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக அங்கே இறங்குவதற்குக் காரணம் வேறு. அமெரிக்காவில் 21 வயது ஆனால்தான் மது. மெக்சிகோவில் 18 போதும்.

இனி கப்பலுக்கு வருகிறேன். தம்பிக்கு வேண்டியது இதுதான்.

மயாமி, ஃபோர்ட் லாடர்டேல், போர்ட் கனாவரல் ஆகிய மூன்று ஃபுளோரிடா துறைமுகங்களில் இருந்து சனி ஞாயிறுகளில் வரிசையாகக் கப்பல்கள் கிளம்பும். மூன்று நாள், நான்கு நாள், ஏழு நாள் என்று பயணம். நசாவு, கோசுமெல், செயின்ட் மார்ட்டின் என்று தீவு தீவாக நின்று, கிளம்பிய இடத்துக்கே திரும்பி வரும். இப்படிப் புறப்பட்ட துறைமுகத்துக்கே திரும்பும் கப்பல் என்றால் அமெரிக்கக் குடிமக்கள் இன்றைக்கும் பிறப்புச் சான்றிதழும் அரசு கொடுத்த அடையாள அட்டையும் வைத்துப் போய்வரலாம். ஜார்ஜியா, டென்னஸி பக்கம் இருக்கும் குடும்பங்கள் காரிலேயே வந்து, துறைமுகத்தில் காரை நிறுத்திவிட்டு ஏறிவிடுவார்கள். தம்பி பரிமாறப்போகும் மேஜைகளில், நாட்டை விட்டு முதல்முறையாக வெளியே வருகிறவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். அவர்களுக்கு அது பெரிய விஷயம் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

இந்தக் கப்பல்கள் ஏன் வெளிநாட்டில் ஒரு துறைமுகத்தையாவது தொட்டுவிட்டு வருகின்றன என்பதற்கு ஒரு பழைய சட்டம் இருக்கிறது. வெளிநாட்டுக் கொடி பறக்கும் கப்பல், ஒரு அமெரிக்கத் துறைமுகத்தில் ஏற்றிய பயணியை வேறு நாட்டைத் தொடாமல் இன்னொரு அமெரிக்கத் துறைமுகத்தில் இறக்கக்கூடாது என்று 1886-இல் போட்ட சட்டம் அது. பெரிய குரூஸ் கப்பல்கள் எல்லாம் பெரும்பாலும் பஹாமாஸ், பனாமா, பெர்முடா போன்ற நாடுகளில் பதிவானவை. சியாட்டிலில் ஏறி அலாஸ்கா பார்க்கப் போகும் கப்பல், சில மணி நேரமாவது கனடாவின் விக்டோரியா நகரில் நிற்பதும் இதனால்தான். அலாஸ்கா பார்க்கப் போன என் வாடிக்கையாளர் ஒருவருக்கு முதல் வெளிநாட்டு அனுபவமே விக்டோரியாவில் கிடைத்த அந்த மூன்று மணி நேரம்தான்.

வயதானவர்களுக்குக் கப்பல் பிடிப்பதற்கு இன்னொரு காரணம் உண்டு. மாற்றுத்திறனாளிகளுக்கான 1990-ஆம் வருடச் சட்டத்தால், அமெரிக்காவில் பெரும்பாலான பொது இடங்களில் சரிவுப் பாதையும் அகலமான கதவும் லிஃப்ட்டும் இருக்கும். அந்தச் சட்டம் அமெரிக்கத் துறைமுகங்களுக்கு வரும் வெளிநாட்டுக் கொடி குரூஸ் கப்பல்களுக்கும் பொருந்தும் என்று 2005-இல் அவர்களுடைய உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. சக்கர நாற்காலியில் இருப்பவர் ரோமின் கல் பாவிய தெருக்களில் படும் பாட்டை நான் பக்கத்தில் நின்று தள்ளிப் பார்த்திருக்கிறேன். கப்பலில் அவருக்கு அந்தக் கஷ்டம் இல்லை. பெட்டியை ஒருமுறை பிரித்தால் போதும், ஊர்கள் அவரைத் தேடி வரும். ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். 65 வயதைத் தாண்டியவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு, நாட்டுக்கு வெளியே பெரும்பாலும் செல்லாது. அதனால் பெரியவர்களுக்கு டிக்கெட் போடும்போதெல்லாம் தனியாகப் பயணக் காப்பீடு எடுக்கச் சொல்லிக் கெஞ்சாத குறையாகக் கேட்பேன்.

பணம் எப்படிச் சேர்க்கிறார்கள் என்பதும் தனிக் கதை. விமான நிறுவனங்களின் மைல் கணக்குத் திட்டங்கள் 1981 வாக்கில் அங்கேதான் பெரிதாகக் கிளம்பின. இன்றைக்கு மளிகைக் கடை முதல் பெட்ரோல் பங்க் வரை எல்லாச் செலவையும் கிரெடிட் கார்டில் தேய்த்து, சேர்ந்த பாயிண்ட்ஸில் குடும்பமே பாரிஸ் போய்வருவதை ஒரு கலையாகவே வைத்திருக்கிறார்கள். ஐரோப்பாவில் இது ஏன் இவ்வளவு இல்லை? கார்டில் நடக்கும் ஒவ்வொரு விற்பனைக்கும் கடைக்காரரிடம் இருந்து வங்கி பிடிக்கும் கட்டணத்துக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2015-இல் உச்சவரம்பு போட்டுவிட்டது. கிரெடிட் கார்டுக்கு 0.3 சதவீதம். அமெரிக்காவில் அது சுமார் 2 சதவீதம். பாயிண்ட்ஸ் என்று திரும்பி வருவது அந்தப் பணத்தில் ஒரு பங்குதான்.

சாப்பாட்டுக்கு வருவோம். முதல் விஷயம் ஐஸ். தண்ணீரோ கோலாவோ எதுவானாலும் டம்ளர் நிறைய ஐஸ் போட்டு, அதற்கு மேல்தான் ஊற்ற வேண்டும். ஐரோப்பாவில் இரண்டு துண்டு ஐஸ் மிதக்கும் டம்ளரைப் பார்த்து அவர்கள் முகம் வாடுவதை ஒவ்வொரு பயணத்திலும் பார்க்கிறேன். இந்தப் பழக்கத்துக்கு வயது இருநூறு. பாஸ்டன்காரரான ஃபிரடெரிக் டியூடர், மாசசூசெட்ஸ் ஏரிகளில் குளிர்காலத்தில் உறைந்த பனிக்கட்டியை அறுத்து, மரத்தூளில் பொதிந்து கப்பலில் உலகமெல்லாம் விற்றார். அந்தப் பனிக்கட்டி நம் சென்னைக்கும் வந்தது. அதைச் சேமிக்க 1842-இல் மெரினா கரையில் கட்டியதுதான் ஐஸ் ஹவுஸ். பின்னால் 1897-இல் விவேகானந்தர் தங்கியதால் இன்றைக்கு அது விவேகானந்தர் இல்லம். பாரிஸில் ஐஸ் கேட்டு ஏங்கும் ஒரு பெரியவரிடம் இதைச் சொன்னேன். ஊருக்குப் போனதும் தன் பேரனுக்கு எழுதிப் போட்டிருக்கிறார்.

அப்புறம் காபி. அவர்களுக்குக் காபி என்றால் பெரிய கோப்பை, குடிக்கக் குடிக்க வந்து ஊற்றுவது. இத்தாலியில் நின்றபடி இரண்டு மடக்கில் முடியும் எஸ்பிரெஸ்ஸோ அவர்களைத் திகைக்க வைக்கும். காலை உணவில் முட்டை, பன்றி இறைச்சி, பான்கேக் என்று கனமாக வேண்டும். ராத்திரிச் சாப்பாடு ஆறு, ஆறரைக்கே. ஸ்பெயினில் பல உணவகங்கள் எட்டரைக்கு மேல்தான் திறக்கும் என்பதால் மாட்ரிட் போகிற குழுவுக்கு நான் முன்கூட்டியே சொல்லி, சாயங்காலம் ஏதாவது நொறுக்குத் தீனி ஏற்பாடு செய்துவிடுவேன். இன்னொன்று, ஒவ்வாமை. கோதுமை ஒத்துக்கொள்ளாது, வேர்க்கடலை ஆகாது, பால் கூடாது என்று வெளிப்படையாகச் சொல்வார்கள். அதைச் செல்லம் கொஞ்சுவதாக நினைத்துவிடக் கூடாது. வேர்க்கடலை ஒவ்வாமை உள்ள குழந்தைக்கு அது உயிர் விஷயம். தம்பிக்குத் தெரியாவிட்டால் "இருக்காது" என்று யூகத்தில் சொல்லாமல், சமையலறையில் கேட்டுவந்து சொல்லட்டும்.

தங்கும் அறையில் வரும் சங்கடங்கள் சின்னவைதான், ஆனால் நிறைய. அவர்கள் ஊரில் மின்சாரம் 120 வோல்ட், ஐரோப்பாவில் 230. பிளக் அடாப்டர் மட்டும் வாங்கிக்கொண்டு போய் தலைமுடி உலர்த்தியைச் செருகினால் புகை வரும். செல்போன் சார்ஜருக்கு ஒன்றும் ஆகாது, அது இரண்டையும் தாங்கும். தரைத்தளத்தை அவர்கள் முதல் மாடி என்பார்கள். அதனால் "உங்கள் அறை இரண்டாம் மாடி" என்றால் ஒரு மாடி குறைவாகவே ஏறி, வேறொருவர் அறைக் கதவைத் திறக்கப் பார்ப்பார்கள். தேதியில் மாதத்தை முதலில் எழுதுவார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு குடும்பத்துக்கு 06/07 என்று எழுதி ஐரோப்பாவில் உள்ள ஓட்டலுக்கு அனுப்பினேன். ஜூன் 7 என்று நாங்கள் நினைத்ததை அவர்கள் ஜூலை 6 என்று பதிந்துவிட்டார்கள். ராத்திரி பதினொரு மணிக்குத் தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அந்த அப்பா எனக்குப் போன் செய்தார். அன்றிலிருந்து மாதத்தை எழுத்தில்தான் எழுதுகிறேன். வாடகைக் காரும் இப்படித்தான். அமெரிக்கர்களில் பெரும்பாலோர் ஆட்டோமேட்டிக் வண்டிதான் ஓட்டிப் பழகியவர்கள். அயர்லாந்தில் கியர் வண்டியைக் கொடுத்து, அதுவும் சாலையின் இடது பக்கம் ஓட்டச் சொன்னால் என்ன ஆகும்?

டிப்ஸ் பற்றி உங்கள் அக்கா மகன் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். டிப்ஸ் வாங்கும் ஊழியருக்கு முதலாளி நேரடியாகக் கொடுக்க வேண்டிய குறைந்தபட்சக் கூலி, மத்தியச் சட்டப்படி மணிக்கு 2.13 டாலர். 1991-இல் இருந்து அது உயரவே இல்லை. பல மாநிலங்கள் கூடுதலாக வைத்திருக்கின்றன என்றாலும், பரிமாறுகிறவரின் சம்பளம் தன் கையில்தான் இருக்கிறது என்ற எண்ணம் ஒவ்வொரு அமெரிக்கருக்கும் சின்ன வயதிலேயே ஊறிவிடுகிறது. அதனால் 15 முதல் 20 சதவீதம் வைக்காமல் எழுந்தால் அவர்களுக்கே மனசு உறுத்தும். பெருமைக்காகப் பணத்தை வாரி இறைக்கிறார்கள் என்று மற்ற நாட்டுக்காரர்கள் நினைப்பது தவறு. கியோட்டோவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் எங்கள் குழுவில் ஒருவர் மேஜையில் வைத்துவிட்டு வந்த ஆயிரம் யென் நோட்டை, பரிமாறிய பெண் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தெரு முனை வரை ஓடிவந்து திருப்பிக் கொடுத்தார். அவருக்கு வாங்கத் தெரியவில்லை, இவருக்குத் திரும்ப வாங்கிக்கொள்ளத் தெரியவில்லை. இருவரும் மாறி மாறிக் குனிந்து வணங்கிக்கொண்டே நின்றார்கள். கப்பலில் பெரும்பாலும் நாள் ஒன்றுக்கு ஆளுக்கு இவ்வளவு என்று தானாகவே கணக்கில் சேர்த்துவிடுவார்கள். அதற்கு மேலும் கடைசி நாளில் கையில் கொடுப்பவர்கள் உண்டு.

பேச்சுப் பழக்கம் நம் ஊருக்கு மிகவும் நெருக்கமானது. லிஃப்ட்டில் ஏறிப் பத்து விநாடிக்குள் எந்த ஊர், எத்தனை பிள்ளைகள் என்று கேட்டுவிடுவார்கள். குரலும் கொஞ்சம் உயரமாகத்தான் இருக்கும். வடக்கு ஐரோப்பாவில் இதை நாகரிகக் குறைவு என்று நினைப்பார்கள். எனக்கோ நம் ரயில் பயணம்தான் ஞாபகம் வரும். தம்பியின் சட்டையில் பெயரும் நாட்டின் பெயரும் போட்ட வில்லை இருக்கும். முதல் நாளே அதைப் படித்துப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். அவனும் அவர்கள் பெயரைக் கேட்டு வைத்துக்கொண்டு இரண்டாம் நாள் சொன்னால் அப்படி மகிழ்ந்துபோவார்கள். "இந்தியாவில் எங்கே?" என்று கேட்டால், "தெற்கே" என்று முடித்துவிடாமல் தன் ஊரைப் பற்றி இரண்டு வாக்கியம் சொல்லட்டும். உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறார்கள்.

குறை இருந்தால் நேராகச் சொல்வார்கள். ஆறிய சூப்பை ஆறிவிட்டது என்பார்கள். அதில் கோபம் இருக்காது. "இங்கே இப்படித்தான்" என்ற பதில்தான் அவர்களைக் கோபப்படுத்தும். ஒரு மன்னிப்பு, உடனே ஒரு மாற்று, இவ்வளவுதான் எதிர்பார்ப்பு. சரி செய்துவிட்டால் அதோடு மறந்துவிடுவார்கள், மறுநாள் அதை மனதில் வைத்திருக்க மாட்டார்கள். நல்லது நடந்தால் மேலதிகாரியைத் தேடிப் போய்ச் சொல்லிவிட்டுத்தான் போவார்கள்.

கடற்கரையும் கப்பலும் தவிர, வேறொரு வகைப் பயணமும் இருக்கிறது. என் வேலையில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். தங்கள் வேரைத் தேடிப் போவது. 1892 முதல் 1954 வரை நியூயார்க்கின் எல்லிஸ் தீவு வழியாக மட்டும் 1.2 கோடிப் பேர் குடியேற வந்து இறங்கினார்கள். அவர்களுடைய பேரன் பேத்திகள் இப்போது திரும்பிப் போய்ப் பார்க்கிறார்கள். ஐரிஷ் வம்சம் என்று சொல்லிக்கொள்ளும் அமெரிக்கர்கள் மூன்று கோடிக்கும் மேல். அயர்லாந்தின் மக்கள்தொகையைப் போலப் பல மடங்கு. கொள்ளுப்பாட்டியின் ஞானஸ்நானப் பதிவின் நகலைப் பிளாஸ்டிக் உறையில் வைத்துக்கொண்டு, மேற்கு அயர்லாந்தில் ஒரு கிராமத்துக் கல்லறைத் தோட்டத்தில் கல் கல்லாகப் பாசியைத் துடைத்துப் படிப்பவர்களோடு நானும் மழையில் நின்றிருக்கிறேன். ஆப்பிரிக்க அமெரிக்கர்களுக்கு கானா. அடிமைகளாக விற்கப்பட்ட ஆப்பிரிக்கர்கள் வர்ஜீனியாவில் இறக்கப்பட்டு 400 வருடம் ஆனதை நினைவுகூர்ந்து, 2019-ஐத் "திரும்பி வரும் ஆண்டு" என்று கானா அரசு அறிவித்தது. கப்பலேற்றும் முன் அடிமைகளை அடைத்து வைத்த எல்மினா, கேப் கோஸ்ட் கோட்டைகளின் இருட்டறைக்குள் போய்வந்த ஒரு வாடிக்கையாளர், திரும்பி வந்து ஒரு மாதம் வரை அதைப் பற்றி என்னிடம் பேச முடியாமல் இருந்தார். நம்மவர்களும் இந்தக் கணக்கில் வருவார்கள். இந்தியாவுக்கு வரும் வெளிநாட்டவரில் அமெரிக்கக் குடிமக்கள் முதல் இரண்டு இடங்களுக்குள் இருப்பதற்கு, தாத்தா பாட்டியைப் பார்க்க வரும் இந்திய வம்சாவளிப் பிள்ளைகள் பெரிய காரணம்.

அப்புறம் நார்மண்டி. பிரான்சில் ஓமாஹா கடற்கரைக்கு மேலே உள்ள மேட்டில் அமெரிக்கப் போர்வீரர் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. 9,000-க்கும் மேற்பட்ட வெள்ளைப் பளிங்குக் குறிகள் புல்வெளியில் வரிசை பிசகாமல் நிற்கும். சில வருடங்களுக்கு முன்னால் ஒஹாயோவில் இருந்து வந்த ஒரு அம்மாவை அங்கே கூட்டிப் போனேன். இரண்டாம் உலகப் போரில், 1944 ஜூனில் இறந்த அவர் மாமாவின் கல்லறை அங்கே இருந்தது. அவர் மாமாவைப் பார்த்ததே கிடையாது. வெள்ளைக் கல்லில் வெட்டிய எழுத்து புகைப்படத்தில் சரியாகத் தெரியாது. அதனால் குடும்பத்தார் வந்தால், அங்குள்ள பணியாளர் கீழே கடற்கரையில் இருந்து எடுத்து வந்த ஈர மணலை ஒரு வாளியில் கொண்டு வருவார். விரலால் எழுத்துகளின் மேல் தேய்த்துவிட்டு, ஸ்பஞ்சால் ஒற்றி எடுப்பார். மணல் எழுத்துக் குழிகளுக்குள் மட்டும் தங்கி, பெயர் பொன்னிறமாக எழும்பி நிற்கும். அந்த அம்மா பெயரைப் படமெடுக்கவில்லை. சுண்டுவிரலால் கடைசி எழுத்தில் ஒட்டியிருந்த மணலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவருக்கு அது ஏழு நாள் பயணம். அதில் மூன்று மணி நேரத்துக்காகத்தான் மற்றதெல்லாம். அன்று பேருந்தில் இருந்த யாரும் நேரமாகிவிட்டது என்று சொல்லவில்லை.

உங்கள் அக்கா மகனுக்கு ஒரே ஒரு வேலைக் குறிப்பு சொல்லி முடிக்கிறேன். கப்பல் கடைசி நாள் விடியற்காலையில் துறைமுகம் வந்துவிடும். முந்தின ராத்திரியே பெட்டிகளைக் கேபின் வாசலில் வைத்திருப்பார்கள். அன்றைய காலைச் சாப்பாட்டில் மட்டும் அதே ஆட்கள் வேறு ஆட்களாகத் தெரிவார்கள். பேச்சு குறையும், கடிகாரத்தைப் பார்ப்பார்கள், குழந்தையை அவசரப்படுத்துவார்கள். மதிய விமானம், அல்லது பத்து மணி நேரக் கார்ப் பயணம். மறுநாள் திங்கள், வேலை. அவர்களை அப்போது காக்க வைக்கக் கூடாது. கேட்பதற்கு முன்பே காபியைக் கொண்டு வைக்கட்டும். காகிதக் கோப்பையும் மூடியும் கிடைத்தால் இன்னும் நல்லது, கையிலேயே எடுத்துக்கொண்டு போவார்கள்.